பிற குறிப்புகள்

கமாரே துறைமுகத்தில் பிப்ரவரி மழை
கிடையாகத்தான் பெய்யும்.
ஆறு இரும்புக் கால்கள் முட்டுக்கொடுக்க
தரையேறி நின்றது படகு,
குளித்துவிட்டுத் துண்டு கேட்பவரைப் போல்
கொஞ்சம் கூச்சத்தோடு.

வாங்க வந்தவர் க்வெந்தால் கெர்னேஸ்,
மருந்துக் கடைக்காரர்.
அஸோர்ஸ் தீவுகள் வரை போக ஆசை.
கையில் ஒரு தாள், தாள் நிறைய விகிதங்கள்.
எடைக்கும் நீளத்துக்கும் இருநூற்றுத் தொண்ணூற்றாறு.
பாய்க்கும் எடைக்கும் பதினைந்து.
"சோம்பேறி, இல்லையா?" என்றார்.

நான் பரிசோதகி. என் வேலை சுத்தியல்.
மேல்தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டுவேன்.
டக் என்றால் உள்ளே மரம் உயிரோடிருக்கிறது.
தொப் என்றால் தண்ணீர் குடியேறி
வாடகை தராமல் இருக்கிறது.
டக், டக், டக், டக்.
பாய்மரத்தின் அடியில் மட்டும் இரண்டு தொப்.
எழுதிக்கொண்டேன்.

சோம்பேறிதான், ஐயா.
இளங்காற்றில் பந்தய ஓடங்கள் முந்திப் போகும்.
அதிலிருக்கும் பிள்ளைகள் கையசைப்பார்கள்.
நீங்களும் அசைக்கலாம், நேரம் நிறைய இருக்கும்.
மணிக்கு ஏழே கால் கடல் மைலுக்கு மேல்
தான் எழுப்பிய அலையைத் தானே
ஏறிக் கடக்க இதற்குத் தெம்பில்லை.
ஏழரை டன்னில் மூன்று டன் அடியில் ஈயம்.
ஆனால் மூன்றாம் இரவு, கச்சான் முகத்தில் அறைய,
அடுப்பில் வைத்த சூப்பு
சட்டியிலேயே இருக்கிறதா என்பதும்
ஒரு வேகம்தான்.

பக்கத்தில் நிற்கிறதே வெள்ளைப் படகு,
மூன்று படுக்கையறை, அகன்ற இடுப்பு,
அது நேராக நின்றாலும் உறுதி,
தலைகீழாகவும் உறுதி.
இது நூற்று இருபத்து நான்கு பாகை வரை
சாய்ந்தாலும் நிமிரும் என்கிறது வரைபடம்.
அசையாத நீரில், கதவெல்லாம் சாத்தி,
அலமாரியில் ஒரு டப்பாகூட இல்லாமல்
போட்ட கணக்கு அது.

உள்ளே இறங்கினேன்.
விளக்கை உயர்த்தியபோது உட்கூரையில்,
அடுப்புக்கு எதிர்ப்புறம்,
விரித்த கையளவு பழுப்புக் கறை.
ஒழுகிய கறை ஓரத்திலிருந்து வளரும்.
இது நடுவில் தொடங்கி
ஒரே திசையில் வால் நீட்டியிருந்தது.
ஈரமானியை வைத்தேன். உலர்வு.

விற்கும் அன்னாயிக் மோர்வான்
ஏணிப்படியில் உட்கார்ந்து
கையுறை தைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"காப்பி. பிஸ்கே வளைகுடா, அக்டோபர்.
ரொனான் கையில் கோப்பை, எதிரே நான்.
'சர்க்' என்று வாயெடுத்தார்.
பக்கவாட்டில் ஒன்று வந்தது.
சன்னலில் கடல் பச்சையாக நின்றது,
முள்கரண்டியெல்லாம் பறந்தது.
பிறகு படகு நிமிர்ந்துவிட்டது.
இருட்டில் 'கரை' என்றார்."

எத்தனை பாகை என்று அவருக்குத் தெரியாது.
ஒரு சொல்லின் பாதிக்கும் மீதிக்கும் நடுவே
போய்வந்திருக்கிறது படகு.

"விற்பதும் அதனால்தான்," என்றார் நூலைக் கடித்து.
"கடலால் அல்ல, சர்க்கரையால்.
இடது காலில் மூன்று விரல் எடுத்துவிட்டார்கள்.
தளத்தில் அவருக்குப் பிடிப்பில்லை."
என்ன மாத்திரை என்று விசாரித்தார் க்வெந்தால்.
அந்தத் தாளை அதற்குப் பின் விரிக்கவில்லை.

இரவு அறிக்கை தட்டினேன்.
வடக்கயிற்றுத் தகடு, இடப்பக்கம்: துரு, மாற்றவும்.
கீல் போல்ட்: ஒன்றைக் கழற்றிப் பார்த்தது, சுத்தம்.
பாய்மர அடி: ஈரம், இரண்டு உள்ளங்கை அகலம்.
விலையில் குறைத்துக் கேட்கலாம்.
கறைக்குப் படிவத்தில் கட்டமில்லை.
பிற குறிப்புகள் என்ற இடத்தில்
எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்:
உட்கூரையில் கறை ஒன்று. உலர்ந்தது. பழுது அல்ல.

காலையில் க்வெந்தால் கூப்பிட்டார்.
விலை பேசவில்லை, வேகம் பேசவில்லை.
"சர்க்கரை டப்பாவுக்கு," என்றார்,
"எந்தப் பக்கம் கொக்கி அடிப்பது?"